சுவருக்கு ஏது வில்லங்கச் சான்று?

வீட்டை விற்கலாம் என்று முடிவானதும் தரகர் வந்தார். மூலப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பட்டா அம்மா பெயருக்கு மாறிவிட்டதா என்று கேட்டார். மாறியிருந்தது. பிறகு ஹாலின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு சார்?" என்றார். பத்து வருடம் இருக்கும் என்றேன். "ஒரு கோட்டிங் விட்டுருங்க. வர்றவங்க முதல்ல பாக்கறது சுவரைத்தான். ஒரு லட்சம் செலவு பண்ணா அஞ்சு லட்சமாத் திரும்பி வரும்."

இது நடந்தது 2019-ல். வீடு வேளச்சேரியை ஒட்டிய ஒரு நகரில், எண்பதுகளின் கடைசியில் அப்பா கட்டிய தரைத்தள வீடு. 2015 டிசம்பரில் அதற்குள் தண்ணீர் வந்தது. வந்தது என்றால் வாசல்படியை நனைத்துவிட்டுப் போகவில்லை. ஹால் ஜன்னலின் கீழ்விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரை ஏறி, ஒன்றரை நாள் நின்றது. வடிந்த பிறகு சுவர் முழுக்க, நூல் பிடித்து இழுத்த மாதிரி பழுப்பாக ஒரு கோடு. அம்மா அதன் பக்கத்தில் பென்சிலால் '2-12-15' என்று எழுதி வைத்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுவரில் எழுதுகிறவர் அவர். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். சுவர் காயவே மாதக்கணக்கானது. பெயின்ட் அடிக்கும் தெம்பு யாருக்கும் இல்லை. அடுத்த வருடம் அம்மா என்னோடு வந்துவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது.

விற்பதற்காகப் பெயின்டர் வந்தார். சுரண்டினார், உப்புத்தாள் தேய்த்தார், பட்டி பார்த்தார். ஹாலுக்கு வந்ததும் கேட்டார்: "சார், இங்க ஏதோ எழுதியிருக்கு. இதையும் அடிச்சுறலாமா?" நான் போனில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டி, "அடிச்சுருங்க" என்றேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. என்னைப் பற்றி மட்டும் என்றால் டைரியில் எழுதி மூடி வைத்திருப்பேன். வீடு விற்றவர்களில் பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு சுவரின் முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறோம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

*

'வீட்டை ரெடி பண்றது' என்று நாம் சொல்லும் வேலையில் என்னென்ன அடக்கம் என்று, விற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன். குளியலறைக்கு மறுபக்கச் சுவர் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும். குழாயைச் சரிசெய்ய மாட்டோம். சுவரில் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவோம். கூரையில் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்திருக்கும். அந்த இடத்தில் சிமென்ட்டை அப்பிப் பெயின்ட் அடிப்போம். பெயர்ந்த இடங்கள் அதிகம் என்றால் ஃபால்ஸ் சீலிங். 'மாடர்ன் லுக்' என்று அது விலையிலும் சேர்ந்துகொள்ளும். விரிசலுக்குப் பட்டி. கரையான் அரித்த அலமாரிக்கு மைக்கா. மொட்டைமாடியில் தட்டோடு தூக்கியிருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளைப் பூச்சு. போர் தண்ணீர் கோடையில் வற்றும் என்றால், ஆள் வருகிற அன்று காலையில் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பி, குழாயைத் திறந்து காட்டுவோம். எல்லாவற்றுக்கும் மேலே காலம் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகையில் விவரம் தெரிந்தவர் யாரும் வீடு காட்ட மாட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும். சுவரும் காய்ந்திருக்கும், தெருவும் காய்ந்திருக்கும்.

இவற்றில் ஒன்றுகூடப் பழுதுபார்க்கும் வேலை கிடையாது. ஈரம் போகவேண்டிய சுவரின் மேல் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி வரும். துருவேறிய கம்பி பருக்கும். பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதற்கு மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் அடுத்த துண்டு விழத்தான் செய்யும். பெயர்ந்த பகுதியை நல்ல கான்கிரீட் வரும் வரை கொத்தி, கம்பியைத் தேய்த்து, துரு தடுப்பு அடித்து, பிறகுதான் மூட வேண்டும். மேஸ்திரிக்கு இது தெரியும். நமக்கும் தெரியும். நாம் செலவழிப்பது குறையைப் போக்குவதற்காக இல்லை, பத்திரப் பதிவு வரைக்கும் அது வாயைத் திறக்காமல் இருப்பதற்காக. பிறகு வாங்கியவர் இரண்டு செலவு செய்கிறார். நாம் பூசியதைப் பெயர்க்க ஒன்று, உள்ளே இருப்பதைச் சரிசெய்ய இன்னொன்று.

*

வாங்குகிறவர் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார். எங்கள் வீட்டை வாங்கியவர் ரொம்ப ஜாக்கிரதையான மனிதர். வேலூர்ப் பக்கம், வேலைக்காகச் சென்னை வந்தவர். வக்கீலை வைத்து முப்பது வருடத்துக்கு ஈ.சி. போட்டுப் பார்த்தார். அப்பாவுக்கு நிலத்தை விற்றவரின் வாரிசுச் சான்றிதழ் வரைக்கும் கேட்டார். வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். வாசலில் நின்று போட்டோ எடுத்தார், டேப் பிடித்தார், அப்ரூவல் பிளானோடு ஒப்பிட்டார், கட்டி எத்தனை வருடம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மொத்தம் இருபது நிமிடம். ஒரு சுவரையும் கையால் தொடவில்லை. அவர் வேலை அதுவல்ல. கடன் திரும்பாவிட்டால் இந்த மனையை விற்று வங்கி தன் பணத்தை எடுக்க முடியுமா என்று பார்ப்பது அவர் வேலை. மனையில் ஈரம் இல்லை, சுவரில்தான் இருந்தது.

வாஸ்து பார்க்கிறவரும் வந்தார். ஈசான்ய மூலையில் சம்ப் இருப்பதைப் பார்த்து அவருக்குத் திருப்தி. மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வில்லங்கம் என்பது எவ்வளவு நல்ல சொல். அடமானம் இருந்தால் வில்லங்கம், கோர்ட்டில் வழக்கு இருந்தால் வில்லங்கம். முப்பது வருடத்து வில்லங்கத்தைக் கணினியில் தட்டி எடுத்துவிடலாம். கிரயப் பத்திரத்திலும், எவ்வித வில்லங்கமும் கிடையாது, பின்னால் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். சுவருக்குள் இருக்கிற வில்லங்கத்துக்கு மட்டும் சான்று இல்லை, சாட்சியும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு சாட்சி இருந்தது. அதன்மேல்தான் இரண்டு கோட்டிங் விட்டோம்.

*

இதற்கெல்லாம் நம் ஊரில் சட்டம் ஏது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அவரால் கண்டுபிடிக்கவும் முடியாத முக்கியமான குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை இது அவர் கடமை. சொல்லாமல் விடுவதை அந்தச் சட்டம் மோசடி என்றே குறிக்கிறது. காந்தி பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்துச் சட்டம். நம் வக்கீல்கள் அந்தப் பிரிவில் 'உரிமை' என்ற பாதியை மட்டும் முப்பது வருடத்துக்குத் தோண்டுகிறார்கள். 'சொத்து' என்ற பாதியை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

'சாதாரணக் கவனம்' என்ற அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் கோடு இருந்தவரைக்கும் அது சாதாரணக் கவனத்துக்குத் தெரிகிற குறை. கண் உள்ள எவருக்கும் தெரியும், தேதியோடு தெரியும். நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் சுவர் சொல்லியிருக்கும். ஒரு லட்ச ரூபாய் செலவழித்து, அதைச் சாதாரணக் கவனத்துக்குத் தெரியாத குறையாக மாற்றியவன் நான். பெயின்ட் அடித்தது வீட்டை அழகுபடுத்தும் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்த ஒரு சாட்சியின் வாயை அடைக்கும் வேலை அது.

வேடிக்கை என்னவென்றால், அடுக்ககம் கட்டித் தருகிற பில்டர் இதையே செய்தால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்து, அந்தப் பிரிவைப் பில்டரின் மூஞ்சியில் காட்டுகிறோம். அதே ஃபிளாட்டை ஏழாவது வருடம் விற்கும்போது நாமே பட்டி பார்க்கிறோம். பழைய வீட்டை விற்கிற தனிமனிதனை அந்தச் சட்டம் தொடாது என்பது நமக்கு எவ்வளவு வசதி.

*

அமெரிக்காவைப் பாருங்கள் என்று ஆரம்பித்தால் உங்களுக்கு எரிச்சல் வரும், எனக்கும் வரும். ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் அத்தை மகன் கலிஃபோர்னியாவில் வீடு விற்றான். "நாளைக்கு இன்ஸ்பெக்ஷன், வேலை இருக்கு" என்று போனைச் சீக்கிரம் வைக்கப் பார்த்தான். என்ன வேலை என்று கேட்டேன். பரணுக்கு ஏறும் வழியில் அடுக்கியிருந்த பெட்டிகளை நகர்த்துகிறானாம். வாட்டர் ஹீட்டரைச் சுற்றி ஆள் நிற்க இடம் விடுகிறானாம். கூரை மாற்றிய பில்லைத் தேடி எடுத்து மேஜையில் வைக்கிறானாம். அங்கேயும் பெயின்ட் உண்டு, வாடகைக்கு நாற்காலி மேஜை கொண்டுவந்து போட்டு வீட்டை ஜோடிக்கிற தொழிலே உண்டு. ஆனால் ஆய்வுக்கு வீட்டைத் தயார்செய்வது என்றால், வருகிறவர் பார்ப்பதற்கு வழிவிடுவது என்றுதான் அவன் புரிந்துகொண்டிருந்தான். அதே வேலைக்கு நான் வழியை அடைத்திருக்கிறேன்.

அவர்கள் பிறவியிலேயே யோக்கியர்கள் என்று சொல்லவரவில்லை. கோர்ட்டுக்கு இழுத்து இழுத்து வந்த ஒழுக்கம் அது. 1976-ல் அதே கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி வீடு வாங்கினார். கொஞ்ச காலத்திலேயே மண் சரிந்தது. அதற்கு முன்பும் அங்கே சரிந்திருந்தது, விற்றவர்கள் சொல்லவில்லை. ஈஸ்டன் - ஸ்ட்ராஸ்பர்கர் வழக்கு என்று பெயர். 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக் குறையைச் சொல்லும் பொறுப்பு தரகருக்கும் உண்டு என்றது. 1987 முதல் விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம். வெள்ளம், வடிகால் பற்றியும் அதில் கேள்வி உண்டு. நியூயார்க்கிலோ, அப்படி எழுதித் தருவதற்குப் பதில் 500 டாலரைக் கழித்துக் கொடுத்துவிட்டு விற்பவர் மௌனமாக இருக்க வழி இருந்தது. 2024 மார்ச்சில்தான் அந்த வழியை அடைத்து, வீட்டுக்குள் வெள்ளம் வந்த வரலாற்றையும் கேள்வியாகச் சேர்த்தார்கள். மௌனத்துக்கு விலை வைத்த ஊர் ஒன்று அதைக் கைவிட்டிருக்கிறது. நம் ஊரில் மௌனம் இன்னும் இலவசம்.

*

இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லும்போது மூன்று பதில்கள் வரும்.

ஒன்று, "வேளச்சேரியில தண்ணி வரும்னு ஊருக்கே தெரியும்யா. வாங்குறவனுக்குத் தெரியாதா?" வேளச்சேரியில் வரும் என்று தெரியும். இந்தத் தெருவில், இந்த வீட்டில், எது வரைக்கும் வரும் என்று ஊருக்குத் தெரியாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு, ஒரே தெருவில் ஒரு வீடு இரண்டடி மேடாகவும் பக்கத்து வீடு இரண்டடி பள்ளமாகவும் கிடக்கிற ஊர் இது. பேப்பரில் வந்தது ஊரின் வெள்ளம். எங்கள் வீட்டின் வெள்ளம் எங்கள் சுவரில் மட்டும் இருந்தது.

இரண்டாவது, "உண்மையைச் சொன்னா விலை போகாது." சரிதான், குறையும். குறைந்து நிற்கிற அந்த விலைதான் வீட்டின் விலை. தரகர் சொன்ன அந்த 'அஞ்சு லட்சம்' ஆகாயத்திலிருந்து விழாது. வாங்குகிறவரின் மாதத் தவணையிலிருந்து, இருபது வருடத்துக்கு, வட்டியோடு வரும்.

மூன்றாவது கொஞ்சம் கௌரவமான பதில். "வாங்குறவன் மட்டும் யோக்கியனா? கைடுலைன் வேல்யூவுக்குப் பத்திரம் போட்டுட்டு மீதியைக் கையில குடுக்கறான்." உண்மை. ஆனால் அதை அவர் மட்டும் செய்யவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்கத்துக்குச் செய்கிறோம். அப்போது நமக்குள் இருக்கிற நேர்மையைப் பார்க்க வேண்டும். பையிலிருக்கும் கட்டுகளை இரண்டு தரம் எண்ணி, ஒரு நோட்டு குறைந்தாலும் சொல்லி வாங்கி, கூடினால் திருப்பிக் கொடுக்கிறோம். கறுப்புப் பணத்தில் இருக்கிற நாணயம் சுவர் விஷயத்தில் எங்கே போனது?

*

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். விடிகாலை ஐந்தரை இருக்கும். 'வேளச்சேரி வீடு' என்ற பெயரில் நான் சேமித்து வைத்திருந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நாலு வருடத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"சார், இந்நேரத்துல தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. தண்ணி உள்ள வந்துருச்சு. கணுக்கால் அளவு இருக்கு, ஏறிக்கிட்டே இருக்கு. அம்மாவைக் கட்டில்ல உக்கார வெச்சிருக்கேன். பீரோல கீழ்த்தட்டு சாமானையும் கட்டில் மேல ஏத்திட்டேன். போன தடவை எது வரைக்கும் வந்துச்சு சார்?"

வந்ததா என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். தெரிந்தும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காத மனிதர், எது வரைக்கும் என்று மட்டும் கேட்டார்.

"ஹால் ஜன்னல் விளிம்பு வரைக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப கட்டில் பத்தாது" என்றார். "சரி சார், வெச்சிடறேன்."

பிறகு லைன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் கரண்டும் சிக்னலும் வர நாலைந்து நாள் ஆனது. பழைய பக்கத்து வீட்டுக்காரர் மூலம்தான் மீதி தெரிந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு மாடியில் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் 2015 கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. தரையில் வைத்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரி, ஃபிரிட்ஜ், மெத்தை எல்லாம் போயின. அவசரத்தில் மெத்தைமேல் ஏற்றிவைத்த காகிதங்களும் நனைந்தன. நான் கையெழுத்துப் போட்ட கிரயப் பத்திரமும் அதில் ஒன்று.

நான் மறைத்தது விலை சம்பந்தப்பட்ட ஒரு தகவல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தப்பு என்றாலும் பணத்தோடு போகிற தப்பு. அந்தப் போன் வந்த பிறகுதான் புரிந்தது. அந்தக் கோடு இருந்திருந்தால் இன்வெர்ட்டரை அதற்கு மேலே ஸ்டாண்டு அடித்து வைத்திருப்பார். ப்ளக் பாயின்ட்டை மேலே தூக்கியிருப்பார். பத்திரத்தைப் பரணில் வைத்திருப்பார். முதல் நாள் சாயங்காலமே அம்மாவைக் கிளப்பியிருப்பார். அந்த வீட்டில் எப்படி வாழ வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. எங்கள் அம்மா எழுதி வைத்தது. அதை அழித்துவிட்டு வெறும் வீட்டை விற்றிருக்கிறேன்.

*

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. விற்கிறவர்களே, ஒரு முழுத்தாள் எடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்த தேதி, உயரம். எந்தச் சுவர் மழைக்கு ஊறும். போர் எத்தனை அடி, எந்த மாதம் வற்றும். செப்டிக் டேங்க் எங்கே, குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது. கரையான் எங்கே வந்தது. வயரிங் எப்போது மாற்றியது. எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெயின்டர் வருவதற்கு முன் எடுத்த போட்டோக்களோடு கொடுங்கள். அப்புறம் தாராளமாகப் பெயின்ட் அடியுங்கள். வக்கீல்கள் அந்தத் தாளைக் கிரயப் பத்திரத்தோடு இணைப்பாகச் சேர்க்கட்டும். வங்கிகள் மதிப்பீட்டு அறிக்கையில் வெள்ள உயரத்துக்கு ஒரு வரி ஒதுக்கட்டும். பதிவுத்துறை நினைத்தால் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

வாங்குகிறவர்களே, கார்த்திகையில் வீடு பாருங்கள். சுவரைக் கையால் தொடுங்கள். பரணில் டார்ச் அடியுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள், எந்த வக்கீலுக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் அரசுக்குக் கட்டுகிறீர்கள். கட்டடம் தெரிந்த ஒரு இன்ஜினீயருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போக மட்டும் ஏன் கை வரமாட்டேன் என்கிறது? தரகரிடமும் விற்பவரிடமும் நேராகக் கேளுங்கள், தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று. என்னைப் போன்ற ஆட்கள் கேட்டால் ஒருவேளை சொல்லிவிடுவோம். கேட்காவிட்டால் நிச்சயம் சொல்ல மாட்டோம்.

இப்போது நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில், மூன்றாவது மாடி. இங்கே வெள்ளம் ஏறாது. ஆனால் மொட்டைமாடியிலிருந்து வடகிழக்கு அறையின் கூரைக்கு நீர் இறங்குகிறது. மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி, தேதி போட்டு அதை எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தையில் சங்கத்தில் வெளிப்பூச்சு அடிக்கிறார்கள். மீட்டர் பெட்டியை மட்டும் தொட வேண்டாம் என்று பெயின்டரிடம் சொல்ல வேண்டும்.